ஏஐ-யா என்று கேட்டவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை நான் போட்ட பூ ஊர்வலப் படங்களுக்குக் கீழே இரண்டு பேர் "இது ஏஐ-யா?" என்று கேட்டிருந்தார்கள். மூன்றாமவர் கேட்கக்கூட இல்லை. "நல்ல ப்ராம்ப்ட் ப்ரோ" என்று, ஏஐ-க்கு நான் எழுதிக் கொடுத்ததாக அவர் நினைத்த கட்டளையைப் பாராட்டிவிட்டே போய்விட்டார்.

முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு மணி நேரம் கால் கடுக்க நின்று எடுத்த படங்கள். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். கேட்டவர்கள் மேல் தப்பில்லை.

நெதர்லாந்தில் பூ என்றால் நம் ஆட்களுக்கு ஏப்ரல் மாதம், துலிப், கூக்கன்ஹோஃப் தோட்டத்தில் எடுத்த குடும்பப் படம். ஏப்ரலில் ஓர் ஊர்வலமும் உண்டு, நூர்ட்வெய்க்கிலிருந்து ஹார்லெம் வரை போகும். நான் போனது அதற்கல்ல. செப்டம்பர் முதல் ஞாயிறு ஸுண்டர்ட் என்ற ஊரில் நடக்கும் கோர்சோவுக்கு, அதாவது பூவால் மூடிய வண்டிகளின் ஊர்வலத்துக்கு. பெல்ஜியம் எல்லையை ஒட்டிய சின்ன ஊர். ரயில் கிடையாது, ப்ரெடாவில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். 1853-இல் வின்சென்ட் வான்கோ பிறந்தது இங்கேதான்.

கோர்சோ 1936-இல் தொடங்கியது. சுற்றியுள்ள 20 குக்கிராமங்கள் ஆளுக்கொரு வண்டி கட்டுகின்றன. வண்டி என்றால் 20 மீட்டர் நீளம் வரை, பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டும் உயரம். எல்லாம் போட்டிக்காக. நடுவர்கள் முதலிடத்திலிருந்து இருபதாம் இடம் வரை வரிசைப்படுத்துவார்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர் ஒருவரையும் நான் அங்கே பார்க்கவில்லை.

பூ ஒன்றே ஒன்றுதான், டேலியா. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பார்த்திருப்பீர்கள். மெக்சிகோவின் மலைகளிலிருந்து வந்த பூ. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, ஊதா, கறுப்பை எட்டிப்பிடிக்கும் கருஞ்சிவப்பு என்று எல்லாம் உண்டு, நீலம் மட்டும் இல்லை. இந்த ஊரில் மட்டுமல்ல, உலகத்தில் எங்கேயும் நீல டேலியா கிடையாது. ஆகவே கடல் வேண்டுமானாலும் வானம் வேண்டுமானாலும் ஊதாவையும் வெள்ளையையும் வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். 2015-இல் வான்கோ இறந்து 125 ஆண்டு ஆனதையொட்டி எல்லா வண்டிகளையும் அவரைப் பற்றியே கட்டினார்கள். இரவு வானத்தை அப்படி நீலநீலமாக வரைந்த மனிதருக்கு, நீலமே இல்லாத பூவில் மரியாதை. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

சனிக்கிழமையே போயிருந்தேன். அலுவலக நண்பர் ஒருவரின் குடும்பம் அந்தப் பக்கத்துக் குக்கிராமத்துக்காரர்கள். அவர்கள் வண்டி கட்டும் இடம் ஒரு வெள்ளைக் கூடாரம், உள்ளே சாரம் கட்டி, கிட்டத்தட்ட நம் ஊரில் கட்டடம் கட்டுகிற மாதிரி. இரும்புக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்து எலும்புக்கூடு, அதன்மேல் அட்டையும் காகிதமும் ஒட்டிய தோல். கோடை முழுக்க இந்த வேலைதான். பூ மட்டும் கடைசி மூன்று நாளில். முன்னாடியே வைத்தால் வாடிவிடும் அல்லவா. தொட்டி தொட்டியாக டேலியா வந்து இறங்குகிறது, எட்டு வயதுக் குழந்தையிலிருந்து எண்பது வயதுப் பாட்டி வரை கையில் சின்ன ஆணிப்பெட்டி. ஒருவருக்கும் கூலி கிடையாது. சும்மா நிற்கிறேனே என்று நண்பரின் அம்மா என்னிடமும் ஒரு பெட்டியைத் திணித்துவிட்டார். வேலை தெரியாத ஆள் என்பதால் வண்டியின் பின்பக்கம், அடியில், யார் கண்ணிலும் படாத ஓர் இடம். அடுத்த பூ முந்தைய பூவின் ஆணியை மறைக்க வேண்டும், அட்டை தெரியக் கூடாது, அவ்வளவுதான் பாடம். இரண்டு மணி நேரத்தில் இரண்டு முழம் அகலம் முடித்திருப்பேன். பக்கத்தில் ஒரு சிறுமி அதற்குள் ஒரு காலையே முடித்திருந்தாள். என் பூக்களில் நாலைந்தை அவள் சத்தமில்லாமல் பிடுங்கித் திரும்ப வைத்ததையும் பார்த்தேன்.

ஞாயிறு மேகமூட்டம். பூவைப் படம் எடுக்க அதைவிட நல்ல வானம் வேறில்லை. வெயிலில் சிவப்பு டேலியா கேமராவில் வெறும் சிவப்புக் கறையாகிவிடும், இதழ் தெரியாது. ஒரு திருப்பத்தில் இடம் பிடித்தேன். நேர்ச்சாலையில் வண்டி கடந்துவிடும், திருப்பத்தில்தான் தயங்கும், திணறும். ஊதுகுழல் வாத்தியக் குழு ஒன்று போனது, பின்னாலேயே முதல் வண்டி. படுத்திருக்கும் ஒரு மிருகம். மூச்சு விடுவதுபோல் அதன் வயிறு ஏறி இறங்குகிறது. என் பக்கத்தில் நின்ற பெரியவர் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை.

நான் என்ன செய்தேன்? ஆள் வராமல் படம் எடுத்தேன். தடுப்புக் கம்பி வராமல், தெருவிளக்கு வராமல், முன்னால் நின்றவரின் தொப்பி வராமல். தப்பித்தவறி வந்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து வெட்டினேன். நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். கொஞ்சம் என்று நான் நினைத்தேன். கடைசியில் மிஞ்சியது, எங்கேயும் நிற்காத, யாரும் செய்யாத, அந்தரத்தில் மிதக்கும் ஒரு பூ மிருகம். பின்னே ஏஐ என்று கேட்காமல் என்ன செய்வார்கள்?

"கேமராவைக் கீழே வை, கண்ணால் பார்" என்று உபதேசம் செய்பவர்கள் இந்த இடத்தில் மகிழ வேண்டாம். நான் அந்தக் கட்சி இல்லை. அன்றைக்குக் கண்ணால் பார்த்தபோது எனக்குப் பூ மட்டும்தான் தெரிந்தது. வெட்டுவதற்கு முந்தைய மூலப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான், மிருகத்தின் விலாவில் ஒரு கையகலச் சந்து, அதற்குள் இரண்டு கண். வண்டிக்கு இன்ஜின் கிடையாது. உள்ளே ஆட்கள் இருந்து தள்ளுகிறார்கள். வயிறு ஏறி இறங்கியதும் அவர்கள் உபயம்தான். எதிரே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, வெளியே நடக்கிறவர் குரல் கொடுத்தால் திரும்புவார்கள். ஊரே பார்க்கும் ஊர்வலத்தைப் பார்க்காதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

நான் மதுரைக்காரன். அழகர் பூப்பல்லக்கில் வரும்போது சீர்பாதம் தாங்கிகளின் தோளும் வியர்வையும் பல்லக்கோடு சேர்ந்தேதான் கண்ணில் படும். அவர்களை வெட்டிவிட்டுப் பல்லக்கை மட்டும் படம் எடுக்க எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கே ஆட்களை உள்ளே ஒளித்துவைத்திருந்தார்கள், நான் அதற்கு மேலேயும் வெட்டியிருக்கிறேன். 2021-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது பூவண்டியை அல்ல, இந்த நாட்டின் கோர்சோ கலாச்சாரத்தை. கூடிச் செய்கிற அந்தப் பழக்கத்தை. என் ஆல்பத்தில் இருபத்தாறு படம், அதில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு சாட்சி கூட இல்லை.

சரி, இத்தோடு ஒரு படம் போட்டிருக்கிறேன். குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தது. சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் மங்கல், தொப்பிக்காரரும் இருக்கிறார். வண்டியின் பூ விளிம்புக்குக் கீழே பதினோரு ஜோடிக் கால்கள், ஒருவருக்கு ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறது. வலது ஓரத்தில், தரையை ஒட்டி, மஞ்சள் பூ வரிசை லேசாகக் கோணியிருப்பது தெரிகிறதா? அது நான் வைத்தது. அந்தச் சிறுமியின் கண்ணுக்குத் தப்பிவிட்டது.