டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது) தேய்ந்தால் படுத்தே கிடக்க வேண்டுமா?

"டிஸ்க் தேய்ந்தவர்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், பிசியோதெரபி செய்தால் இன்னும் தேயும்" என்று கோத்தகிரிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. இதை நம்பி, தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர் மூன்று வாரம் கம்பளிக்குள்ளேயே கிடந்தார். எழுந்தபோது சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. படுத்தே கிடந்தால் முதுகைத் தாங்கும் தசைகள்தான் தளரும். ஸ்கேனில் தேய்மானம் என்று வந்ததும் பயப்படாதீர்கள். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களிலும் சுமார் 80 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் தேய்மானம் இருக்கும். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தவற்றில் உடற்பயிற்சியும் உண்டு. இடுப்பு பெல்ட் இல்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது போன்ற பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் வலிக்கலாம், சரி. அதனால் தேய்மானம் அதிகமாகாது. கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.