முடி தானேன்னு சொல்லாதீங்க

ஸ்கூல்ல போட்டோ எடுக்குறப்ப டீச்சர் என் பொண்ண அவ சுருள் முடிக்காக ஒதுக்கி வச்சதப் பத்தி நேத்து எழுதியிருந்தேன். அதுக்கு வந்த பதில் எல்லாத்தையும் படிச்சேன், ராத்திரி தூக்கமே வரல.

"சின்னப் புள்ள, ரெண்டு நாள்ல மறந்துடும், நீதான் பெருசு பண்ற." மறக்க மாட்டா. ஆறு வயசுப் புள்ளய வரிசையிலருந்து தனியா நிக்க வச்சு, இந்த முடிய அடக்கிக் கட்டிட்டு வந்தாதான் போட்டோன்னு சொன்னா, அவ அத முடியப் பத்தின பேச்சா எடுத்துக்க மாட்டா, தன்னப் பத்தின பேச்சாதான் எடுத்துக்குவா. வீட்டுக்கு வந்ததும் கேட்டா, "அம்மா, உன் முடி ஏன் எனக்கு வரல?" அவங்கப்பா கருப்பின அமெரிக்கர். அவளுக்கு அவர் முடி, மேல நோக்கி வளரும்.

ரூல்னா ரூல்தான்னு சிலர். நாங்க இருக்குற இதே டெக்சஸ்ல 2023 செப்டம்பர்லருந்து கிரௌன் ஆக்ட்னு ஒரு சட்டம் இருக்கு, முடியோட சுருள வச்சோ பின்னல வச்சோ ஸ்கூல்ல பாகுபாடு காட்டக் கூடாது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய விஷயத்ததான் முடி தானேங்குறீங்க.

எங்க அத்தை, என் வீட்டுக்காரரோட அம்மா, அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல வளந்தவங்க. சின்ன வயசுல சனிக்கிழமை சாயங்காலம் இரும்பு சீப்ப அடுப்புல சுட வச்சு அவங்க முடிய இழுத்து நேராக்கி விடுவாங்களாம், மறுநாள் சர்ச்சுக்கு. காத மடக்கிப் பிடிச்சுக்கணும். அந்தத் தழும்பு இன்னும் காது மேல இருக்கு. முடி நேரானப்புறம்தான் எல்லாரும் அழகுன்னு சொல்வாங்கன்னு சொன்னாங்க. இப்ப ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவங்கதான் பேத்திய மடியில சாச்சுக்கிட்டு மூணு மணி நேரம் கண்டிஷனர் போட்டு, பாகம் பாகமா சிக்கெடுத்து, ஒவ்வொரு பின்னலுக்கும் இது அழகு இது அழகுன்னு சொல்லிக்கிட்டே பின்னி விடுறாங்க. அவங்களுக்கு யாரும் சொல்லாதத இவளுக்குச் சொல்றாங்க.

"குழந்தைகிட்ட போய் இனத்தப் பத்தியெல்லாம் பேசி மனசக் கெடுக்காத"ன்னு ஒருத்தர். 1940கள்லயே கென்னத் கிளார்க், மேமி கிளார்க்னு கருப்பின உளவியலாளர் தம்பதி, மூணுலருந்து ஏழு வயசுக் கருப்புக் குழந்தைங்க முன்னாடி ஒரே மாதிரி பொம்மைங்க, நிறம் மட்டும் வேற, வச்சுக் கேட்டாங்க. நல்ல பொம்மை எதுன்னா பெரும்பாலும் வெள்ளையக் காட்டுச்சுங்க. உன்ன மாதிரி எதுன்னு கேட்டப்ப சிலது அழுதுட்டு ஓடிடுச்சுங்க. 1954ல பள்ளிக்கூடத்துல இனம் பிரிச்சு வைக்கறது செல்லாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்ன பிரவுன் தீர்ப்புல இந்த ஆராய்ச்சியும் இருக்கு. அந்தக் குழந்தைங்களுக்கு யாரும் உக்கார வச்சுப் பாடம் எடுக்கல. நாம பேசலன்னாலும் ஊர் பேசிடும். அதனால நாம முந்திக்கணும், அவ்ளோதான் சொல்றேன்.

நம்ம ஊர்லயும்தான் கலர் பாக்குறாங்கங்குறீங்க. ஆமா, பாக்குறீங்க. இவ பொறந்த அன்னிக்கு போன்ல வந்த முதல் கேள்வியே "என்ன கலரு?" அவங்கப்பா மாதிரின்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "பரவால்ல, போகப் போக வெளுத்துடும்." அன்னிக்கு நான் வாயத் தொறக்கல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல புள்ளய நெஞ்சுல போட்டுக்கிட்டு சும்மா இருந்தேன். அந்த ஸ்கூல் டீச்சர் மேல இருக்குற கோவத்த விட அதுதான் இப்ப எனக்கு வலிக்குது. அவ வெளுக்க வேணாம். இனிமே வீடியோ கால்ல அவ காதுபட யாரும் அத சொல்லாதீங்க, சொன்னா கட் பண்ணிடுவேன், பெரியவங்கன்னு பாக்க மாட்டேன்.

2009ல வெள்ளை மாளிகையில ஒரு அஞ்சு வயசுக் கருப்பினப் பையன் உங்க முடி என் முடி மாதிரியா இருக்குன்னு ஒபாமாகிட்ட கேட்டான், அவர் குனிஞ்சு தொட்டுப் பாருன்னார். அந்த போட்டோ எங்க ஃப்ரிட்ஜ்ல ஒட்டி இருக்கு. இன்னிக்குக் காலைல அவ அது முன்னாடி ரொம்ப நேரம் நின்னா.

அடுத்த வாரம் திரும்ப போட்டோ எடுக்குறாங்களாம். பின்னிக்கிறியா, விரிச்சு விட்டுக்கிறியான்னு அவகிட்டயே கேட்டிருக்கேன். இன்னும் சொல்லல.