ரைட்டர் இல்லாத காவல் நிலையம்

காவல்துறை ஊழலைத் தோலுரிக்கும் படம் என்று ஊரே பேசியதால், சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மார்த்தாண்டம் போய் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஆற்றாமை தீரவில்லை. வெள்ளை வேட்டி அமைச்சர், அவர் காலடியில் ஓர் உயரதிகாரி, இருவருக்கும் நடுவே கைமாறும் கோடிகள், எல்லாவற்றையும் கடைசிக் காட்சியில் துப்பாக்கியால் தீர்த்துவைக்கும் நேர்மையான ஆய்வாளர். அவர் சுட்டதும் அரங்கமே எழுந்து விசிலடித்தது. இரண்டரை மணி நேரத்தில் ஒருவரும் ஒரு புகாரைக்கூட எழுதி வாங்கவில்லையே என்பது எவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணில் பட்டதற்குக் காரணம் உண்டு.

அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் ரப்பர் உலர்த்தும் புகைக்கூட்டில் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரப்பர் ஷீட்டுகளையும் ஒரு சாக்கு ஒட்டுப்பாலையும் (உறைந்த கழிவு ரப்பர்) எவனோ இரவோடு இரவாக அள்ளிச் சென்றிருந்தான். புகார் கொடுக்கப் போன முதல் நாள், ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் நாள் ஐயா இருந்தார், புகார்களை எழுதிப் பதியும் நிலைய எழுத்தரான ரைட்டர் இல்லை. மூன்றாம் நாள் இருவரும் இருந்தார்கள். "பெரியவரே, ஒரு குயர் பேப்பர் வாங்கிட்டு வாரும், ஸ்டேஷன்ல தாள் இல்ல" என்றார் ரைட்டர். தாளோடு வேறென்ன வர வேண்டும் என்பதை என் சட்டைப்பையைப் பார்த்த பார்வையிலேயே உணர்த்திவிட்டார்.

பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2013-இல் தீர்ப்பளித்தது. அந்த அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. இலவச நகலுக்குரிய தாளைத்தான் நான் காசு கொடுத்து வாங்கிப் போக வேண்டியிருந்தது!

நமது படங்கள் ரைட்டரின் இந்த மேசையைக் காட்டுவதே இல்லை. ஊழல் என்றால் ஒரு கெட்டவனின் பேராசை, நீதி என்றால் ஒரு நல்லவனின் தோட்டா என்று சொல்லிக்கொடுத்தே நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். சாத்தான்குளத்தில் 2020-இல் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது கொதித்த அதே வாய்கள்தாம் திரையில் என்கவுன்டர் நடந்தால் விசிலடிக்கின்றன. சுடுகிற அதிகாரியைக் கேள்வி கேட்கத் தேவையில்லை என்று கைதட்டிய பிறகு, குயர் தாள் கேட்கிற ரைட்டரை மட்டும் யார் கேட்பார்கள்?

கேட்பதற்கு ஓர் ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும் மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் அதற்குத் தலைவராக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2013-இல் வந்த சட்டமோ உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆட்சியரையும் தலைவர்களாக்கி, காவல்துறைத் தலைவரையும் மாவட்டக் கண்காணிப்பாளரையும் உறுப்பினர்களாக உட்கார வைத்தது. காவலர் மீதான புகாரைக் காவலரின் மேலதிகாரியே விசாரிக்கும் இந்த ஏற்பாட்டைவிட விறுவிறுப்பான கதை ஒரு இயக்குநருக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் இதில் சண்டைக்காட்சி வைக்க முடியாதே.

இத்தனைக்கும் அந்தப் படம் ஓடிய மார்த்தாண்டத்தில்தான், குமரிப் பகுதி தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்று போராடியவர்கள்மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று திருவிதாங்கூர்–கொச்சி காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. புதுக்கடையிலும் அன்று உயிர்கள் போயின. சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா அப்போது, தன் கட்சியைச் சேர்ந்த முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசே பதவி விலக வேண்டும் என்றார். சுடச் சொன்ன அரசு பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த அரசியல், நம் கதாசிரியர்கள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

நான்காம் நாள் குயர் தாளோடு போய், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான மனு ரசீது வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான், திருட்டு என்று நான் எழுதிக் கொடுத்ததை அவர்கள் "காணவில்லை" என்று பதிந்திருப்பது தெரிந்தது. நூறு ஷீட்டுகளும் ஒட்டுப்பால் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு தாமாகவே கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் நடந்து போயினவாம்.