பெல் பேய்: 'அரசுச் சான்று' பற்றி ஒரு திருத்தம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் பெல் என்பவரின் குடும்பத்தை ஆட்டிப்படைத்ததாகச் சொல்லப்படுவதுதான் பெல் பேய். அதை வைத்து எடுத்த திரைப்படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "1820-இல் இறந்த ஜான் பெல்லைப் பேய்தான் கொன்றது என்று டென்னசி அரசே இறப்புச் சான்றிதழில் எழுதியிருக்கிறது" என்ற தகவலும் கூடவே வந்துவிடுகிறது. நல்லெண்ணத்தோடுதான் பகிர்கிறார்கள், ஆனால் அது சரியல்ல. அப்படியொரு சான்றிதழ் இருக்கவே வழியில்லை. டென்னசியில் மாநிலம் முழுவதற்குமான இறப்புப் பதிவு தொடங்கியதே 1908-இல்தான். மாநில ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கான வழிகாட்டியைத் திறந்தால் இதை நீங்களே பார்க்கலாம்.

பெல் குடும்பத்தின் பண்ணை இருந்த ஆடம்ஸ் ஊரருகே மாநில வரலாற்று ஆணையம் வைத்த பலகை ஒன்று உண்டு. குழப்பம் அங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பலகையே "கர்ணபரம்பரைக் கதைப்படி" என்றுதான் சொல்கிறது. கொலை என்ற பேச்சே அதில் இல்லை.

1886-இல் குட்ஸ்பீட் பதிப்பகம் வெளியிட்ட டென்னசி வரலாற்றில், ஆடம்ஸ் அடங்கிய ராபர்ட்சன் கவுண்டி (மாவட்டம்) பற்றிய பகுதியையும் படியுங்கள். பேய் கிண்ணத்துச் சர்க்கரையை எடுக்கிறது, பாலைக் கொட்டுகிறது, படுக்கைப் போர்வையை உருவுகிறது, பிள்ளைகளைக் கிள்ளுகிறது. அங்கேயும் கொலை இல்லை. பேய் ஜான் பெல்லுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் கருந்திரவம் இருந்த குப்பி, அந்தத் திரவத்தைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தது, பிறகு நெருப்பில் எறிந்தது எல்லாம் 1894-இல் இங்க்ராம் எழுதிய புத்தகத்தில் விரிவாக வருகின்றன. அதாவது, சாவு நடந்து 74 ஆண்டு கழித்து. பதிப்புரிமை முடிந்த நூல் அது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் தேடிப் படிக்கலாம்.