சத்தம் போடுற பலகை

(ஒட்டுசுட்டான். மாங்குளம் றோட்டோரம் தகரம் போட்ட ஒரு தச்சுக் கொட்டில். சோளகம் அடிக்கிற காலம். றோட்டுப் புழுதியும் மரத்தூளும் சேர்ந்து பறக்கின்றன. கொட்டிலோடு ஒட்டின அறையில் அப்பாச்சி மத்தியான நித்திரை. சின்னையா ஒரு முதிரைச் சட்டத்துக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருக்க, பெறாமகன் போனை நீட்டியபடி வருகிறான்.)

பெடியன்: சின்னையா, ஒரு மரம் தெரிஞ்சு தரவேணும்.

சின்னையா: கதவோ, யன்னலோ?

பெடியன்: கிற்றார்.

சின்னையா: எத்தினை அடி உயரம்?

பெடியன்: வாசிக்கிற கிற்றார், சின்னையா. கொழும்புப் பக்கம் ஒருத்தர் கையால செய்து குடுக்கிறார். கச்சான் வித்த காசில அட்வான்சும் போட்டிட்டன். இப்ப அவர் வட்ஸ்அப்பில கேக்கிறார், முகப்புக்கு என்ன மரம், முதுகுக்கு என்ன மரம், கழுத்துக்கு என்ன மரம் எண்டு.

சின்னையா: முகம், முதுகு, கழுத்து... உவர் தச்சரோ, பரியாரியோ?

பெடியன்: மெல்லக் கதையுங்கோ. அப்பாச்சி எழும்பப் போறா.

சின்னையா: ஆர், அம்மாவோ? முந்தநாள் பக்கத்து வளவில கிணத்துக்கு வெடி வைச்சவங்கள். என்ர கொட்டில் தகரம் நாலு கழண்டது. அவ புரண்டுகூடப் படுக்கேல்லை. நீ பட்டியலைச் சொல்லு. எதுக்கும் முன்னமே சொல்லிப்போட்டன், எல்லாத்துக்கும் முதிரையைப் போடச் சொல்லு.

பெடியன்: முழுக்க முதிரையோ?

சின்னையா: நூறு வரியம் கிடக்கும். நாங்கள் மீளக்குடியேற வந்த அண்டைக்கு வீட்டில கூரையும் இல்லை, சுவரும் இல்லை. நான் செய்த முதிரை நிலை மட்டும் நிண்டது. கதவு பூட்டினபடி. கொப்பர் அரை மணித்தியாலம் திறப்புத் தேடினவர்.

பெடியன்: சுத்திப் போயிருக்கலாமே?

சின்னையா: நானும் அதைத்தான் சொன்னன். "என்ர வீட்டுக்குள்ள நான் வாசலாலதான் போவன்" எண்டிட்டார்.

(இந்தக் கதையைச் சின்னையா ஆருக்கும் சிரிக்காமல்தான் சொல்லுவார். கேட்கிற ஆள் சிரிச்சாலும் கோவிக்க மாட்டார்.)

பெடியன்: முதிரை பாரம், சின்னையா. முகப்புப் பலகை எண்டால் பாரமில்லாமல் இருக்கவேணும். கம்பியைத் தட்டினவுடன அது நடுங்கவேணும். அந்த நடுக்கம்தான் சத்தமாய் வாறது.

சின்னையா: நடுங்கவேணுமோ? அடேய், நாப்பது வரியமாய் நடுங்காத பலகை தேடித்தான் நான் காடு காடாய் அலைஞ்சனான். என்ர கதவு கிறீச்செண்டால் இரவிரவாய் எனக்கு நித்திரை வராது. நீ என்னட்ட வந்து சத்தம் போடுற பலகை கேக்கிறாய். சரி, தடிப்பு?

பெடியன்: மூண்டு மில்லிமீற்றருக்கும் உள்ள.

(சின்னையா குனிந்து சீவுளியடியில் கிடந்த ஒரு சுருளை எடுத்து நீட்டுகிறார்.)

சின்னையா: இந்தா, முகப்பு. இதை வச்சுக்கொள். காசு வேண்டாம்.

பெடியன்: பகிடி விடாதேங்கோ. அந்த மெல்லிசுப் பலகையில ஆறு இரும்புக் கம்பி பூட்டி முறுக்கினால், எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுவை எழுபது கிலோவளவில வரும்.

சின்னையா: ஒரு மூட்டை நெல்லு! மூண்டு மில்லிமீற்றர் பலகையில ஒரு மூட்டை நெல்லைக் கட்டித் தூக்கிறதோ? பிய்ச்சுக்கொண்டு வந்து உன்ர மூக்கில அடிக்கும்.

பெடியன்: உள்ளுக்கை சட்டம் வச்சு ஒட்டியிருக்கினம். எக்ஸ் எழுத்து மாதிரிக் குறுக்கும் மறுக்கும்.

சின்னையா: அதை முதல்லயே சொல்லிறதுக்கென்ன. படலைக்கு நாங்களும் அப்பிடித்தானே அடிக்கிறனாங்கள். அப்ப உது ஒரு சின்னப் படலை. என்ன மரமாம்?

பெடியன்: ஸ்புறூஸ். ஊசியிலை மரம். அலாஸ்கா, கனடாவின்ர மேற்குக் கரை, அந்தப் பக்கம் வளருது. குளிரில ஆறுதலாய் வளருறதால வளையம் நெருக்கமாம். பாரம் குறைவு, ஆனால் விறைப்பு.

சின்னையா: கனடாவில எங்கட சொந்தக்காரர் ஒரு பஸ் நிறைய இருக்கினம். பனி கொட்டுது, வீட்டு வட்டி கூடிப்போச்சு எண்டுதான் சொல்லுறாங்கள். மரம் நல்லதெண்டு ஒருத்தனும் சொல்லேல்லை. படத்தைக் காட்டு பாப்பம்.

(போனை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். பிறகு மூக்குக்கு இறக்குகிறார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கப் போய் ஆருக்கோ கோல் எடுத்துவிடுகிறார். பெடியன் பாய்ந்து வெட்டுகிறான்.)

சின்னையா: ம்ம்... வளையமெல்லாம் பலகை முகத்துக்கு நெட்டுக்குத்தாய் நிக்குது. அரிஞ்சவன் மரம் தெரிஞ்சவன். இப்பிடி அரிஞ்சால் மரம் கனக்கச் சேதம் போகும், ஆனால் பலகை கோணாது. சரி, முகப்பு அவங்கட மரமாய் இருக்கட்டும். இதென்ன, கழுத்தில இரும்புத் துண்டுகள் குறுக்கால அடிச்சிருக்கு? அட கடவுளே!

பெடியன்: என்ன?

சின்னையா: இடைவெளியைப் பார். இங்க அகலம், போகப்போக ஒடுக்கம். ஏணிக்கு இப்பிடிப் படி அடிச்சனெண்டால் ஊர் என்னைக் கட்டி வச்சு அடிக்கும். இந்த வேலைக்கோ அட்வான்ஸ் குடுத்தனி?

பெடியன்: அது கணக்கு, சின்னையா. கம்பியின்ர நீளம் 25.4 அங்குலம். அதை 17.8 சொச்சத்தால பிரிச்சால் முதல் கட்டு, அதுதான் அந்த இரும்புத் துண்டு, நிக்கிற இடம். மிச்ச நீளத்தைத் திரும்ப 17.8 ஆல பிரிச்சால் ரெண்டாம் கட்டு. இப்பிடியே பிரிச்சுப் பிரிச்சுப் போனால் பன்ரெண்டாம் கட்டு சரி நடுவில வந்து நிக்கும்.

(சின்னையா காதில் செருகின பென்சிலை எடுத்து முதிரைச் சட்டத்தின் முதுகிலேயே கணக்குப் போடுகிறார். ஐந்து நிமிசம். அந்தச் சட்டம் இப்போது ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டு நிலையாக நிற்கிறது. பெயின்ற் அடிக்க முதல் பார்த்தவர்கள் வாஸ்துக் கணக்கு என்று கும்பிட்டார்களாம்.)

சின்னையா: 12.7. சரியாய்த்தான் வருது. மரியாதையான ஆளாய்த்தான் கிடக்கு. அந்தக் கட்டுகள் அடிக்கிற பலகை கறுப்பாய்த் தெரியுது, கருங்காலியோ?

பெடியன்: ஓம். விரலும் கம்பியும் பட்டுத் தேயாமல் இருக்க வைரமான மரம் வேணுமாம்.

சின்னையா: அவரே எங்கயாவது பாத்துப் போடட்டும். இங்க கருங்காலியில கோடாலி வச்சால் நீ கிற்றார் வாசிக்கிறது மறியலுக்குள்ளதான். அங்க ஆக்கள் இருக்கினம், கேக்கிறதுக்கு. முதுகுக்கு என்ன எழுதிக் கிடக்கு?

பெடியன்: அதுதான் என்ர தலையிடி. முதல் பேர் பிறேசில் ரோஸ்வூட்.

சின்னையா: எடு அதை.

பெடியன்: 1992 இல நாடு விட்டு நாடு விக்கிறதைத் தடை செய்திட்டாங்கள். பழைய கையிருப்பில ஆரும் வச்சிருந்தால் என்ர ரெண்டு ஏக்கர் கச்சானும் காணாது. அடுத்தது இந்திய ரோஸ்வூட், தோதகத்தி எண்டு சொல்லுறது. அதுக்கடுத்தது மகோகனி. கடைசியில அவர் தன்ர கையால எழுதியிருக்கிறார், "உங்கட ஊர் மரம், நல்லாய்க் காய்ஞ்சது இருந்தால் கொண்டாங்கோ" எண்டு.

(சின்னையா சீவுளியைக் கீழே வைக்கிறார். இவ்வளவு நேரமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கதைத்தவர்.)

சின்னையா: எங்கட ஊர் மரமோ? அப்ப பலா. தவிலுக்குப் பலா, வீணைக்குப் பலா. நாதஸ்வரத்துக்கு மட்டும் ஆச்சா. தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாவில தவிலடி எத்தினை மைலுக்குக் கேக்கும்?

பெடியன்: பலா எங்க கிடக்கு?

சின்னையா: கிணத்தடியில நிக்குது.

பெடியன்: நிக்கிறது சரிவராது. தறிக்கப் பெர்மிட் வேணும், தறிச்சாலும் பச்சை. எனக்கு இந்த வரியம் கிற்றார் வேணும்.

சின்னையா: பாலை? ஒரு துண்டு கிடக்கு.

பெடியன்: பாலை தண்ணியில தாழுற மரம். மேடையில என்னோட சேர்ந்து நாலு பேர் தூக்கவேணும்.

சின்னையா: நொட்டை சொல்லாமல் நில். எந்தப் பலகை சத்தம் போடுமெண்டு எப்பிடிப் பாக்கிறது?

பெடியன்: ரெண்டு விரலால ஒரு மூலையில தூக்கிப் பிடிச்சு, விரல் மொளியால தட்டவேணும். மணி மாதிரிக் கொஞ்ச நேரம் நிண்டால் நல்லது. "டொக்" எண்டு செத்தால் கூடாது.

(கொட்டிலில் இருந்த ஒவ்வொரு துண்டையும் சின்னையா தட்டத் தொடங்குகிறார். தேக்கு, டொக். மாமரம், டொப். பாலைத் துண்டை ரெண்டு விரலால் தூக்க ஏலாமல் காலில் போட்டுக்கொள்கிறார். முதிரைச் சீவல்பலகை ஒன்று "டிங்ங்" என்று பாடுகிறது.)

சின்னையா: பாத்தியோ! முதிரை!

பெடியன்: அகலம் நாலங்குலம்தான். எனக்கு முதுகுக்கு எட்டங்குல அகலத்தில ரெண்டு துண்டு வேணும். ஒரே பலகையை நடுவால கீறி, கொப்பி விரிக்கிற மாதிரி விரிச்சு ஒட்டுவினம், கோலம் ரெண்டு பக்கமும் ஒண்டாய் வர.

சின்னையா: ரெட்டைக் கதவுக்கு நான் அப்பிடித்தான் பாக்கிறனான். பக்கத்துக்கு?

பெடியன்: முப்பத்திமூண்டு அங்குல நீளம், அஞ்சங்குல அகலம். ரெண்டு மில்லிமீற்றருக்குச் சீவி, நனைச்சு, சூடான இரும்புக் குழாயில வச்சு வளைப்பினம்.

சின்னையா: பலகையைப் புட்டு மாதிரி அவிக்கிறதெண்டு சொல்லு. தேங்காய்ப்பூ வேண்டாமோ?

பெடியன்: சின்னையா, உண்மையைச் சொன்னால் முதுகுக்கு இவ்வளவு யோசிக்கவும் தேவையில்லை. 1862 இல ஸ்பெயினில அன்ரோனியோ டி தொரெஸ் எண்டு ஒருத்தர், முகப்புத்தான் முக்கியம் எண்டு காட்டிறதுக்காக, முதுகையும் பக்கத்தையும் காகித மட்டையில செய்து ஒரு கிற்றார் கட்டினவர். இண்டைக்கும் பார்சலோனா மியூசியத்தில கிடக்கு.

சின்னையா: மட்டையிலயோ? அது ஸ்பெயினில கிடக்கும். இங்க எண்டால் மாரியில ஊறும், கோடையில வெடிக்கும், மிச்சத்தைக் கறையான் திண்டுபோட்டு உன்னட்டப் பாட்டும் கேக்கும். என்ர பெறாமகன் மட்டையில கிற்றார் வாசிச்சான் எண்டு ஊர் கதைக்க நான் விடமாட்டன். பட்டியலில கடைசியாய் என்ன சொன்னனி?

பெடியன்: மகோகனி.

சின்னையா: அது ஆர் தெரியுமோ? வேம்பின்ர சொந்தக்காரன். ரெண்டும் ஒரே குடும்பம். காட்டிலாகாவில வேலை செய்தவர் ஒருத்தர் எனக்கு விளங்கப்படுத்தினவர். பெரியப்பன்ர மோன் வெளிநாட்டுக்குப் போய் விலை கூடிட்டான், சித்தப்பன்ர மோன் இங்க வேலிக்கரையில நிக்கிறான், அவ்வளவுதான்.

பெடியன்: வேம்பில செய்தால் பாட்டுக் கசக்காதோ?

சின்னையா: உன்ர பாட்டு நான் கேட்டனான். கசக்கிறதெண்டால் வேம்புக்குத்தான் கசக்கும்.

பெடியன்: சரி, காய்ஞ்ச வேம்பு எங்க கிடக்கு?

(சின்னையா பதில் சொல்லவில்லை. மெல்லத் திரும்பி அறைவாசலைப் பார்க்கிறார். பெடியனும் பார்க்கிறான். உள்ளே அப்பாச்சி. அப்பாச்சிக்குக் கீழே கட்டில்.)

பெடியன்: ஐயோ, சின்னையா.

சின்னையா: அப்பு கலியாணத்துக்குத் தன்ர கையால செய்தது. அம்பது வரியத்துக்கு மேல காய்ஞ்ச மரம். இடம்பெயரேக்கை கிணத்தடியில போட்டிட்டுப் போனனாங்கள். வந்து பாத்தால் காட்டுக்கொடி படர்ந்து கிடக்கு, கறையான் கிட்டவும் போகேல்லை. தலைமாட்டுப் பலகை ஒரே பலகை, பதினாலு அங்குல அகலம். பக்கச் சட்டம் ஆறடி.

பெடியன்: அப்பாச்சி விடுவாவோ?

சின்னையா: நீ கேள். பேரன் கேட்டால் அவ இல்லையெண்டு சொல்லமாட்டா.

பெடியன்: நீங்கள்தானே மோன். நீங்கள் கேளுங்கோ.

சின்னையா: நான் போன மாதம் "அம்மா, இது பழசு, தேக்கில புதுசு செய்து தாறன்" எண்டு கேட்டு, அவ ரெண்டு நாள் சாப்பிடேல்லை. சத்தமாய்த்தான் கேட்டனான், அதால ஊருக்கே தெரியும்.

பெடியன்: அப்ப வேண்டாம்.

சின்னையா: வேண்டாமெண்டு ஆர் சொன்னது? முதல்ல தட்டிப் பாப்பம். பலகை சரியில்லையெண்டால் சண்டை பிடிக்கத் தேவையில்லையே.

(இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போகிறார்கள். காது கேளாத மனிசிக்கு முன்னால் ஏன் அடிமேல் அடி வைத்து நடந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்பாச்சி தலையணையை ஒதுக்கிவிட்டுத் தலைமாட்டுப் பலகையில் தலையைச் சாய்த்தபடி நித்திரை. சின்னையா மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல் மொளியால் ஒரு தட்டுத் தட்டுகிறார்.)

அப்பாச்சி: (திடுக்கிட்டு எழும்பி) ஆரது? கதவு திறந்துதானே கிடக்கு, வாங்கோ!

(ஒருத்தரும் அசையவில்லை.)

சின்னையா: (குரல் தாழ்த்தி) கிணத்து வெடிக்கு எழும்பாத மனிசியடா.

பெடியன்: (இன்னும் தாழ்த்தி) அவருக்கு மெசேஜ் போடட்டோ, மரம் கிடைச்சிட்டுது எண்டு?

அப்பாச்சி: ரெண்டு பேரும் என்ர தலைமாட்டில நிண்டு என்ன பாக்கிறியள்?

சின்னையா: (ஊர் கேட்க) மூட்டைப்பூச்சி, அம்மா!

அப்பாச்சி: வேம்பிலயோடா?