ஏஜென்ட் மென்பொருள் 2023-ல் பிறந்ததல்ல

அண்ணாச்சி, ‘ஏஜென்ட் சார்ந்த மென்பொருள் பொறியியல் சாட்ஜிபிடிக்கு அப்புறம் வந்தது, முன்பு ஆராய்ச்சியே கிடையாது’ என்று மேலே போட்டிருக்கிறீர்கள் (ஏஜென்ட் என்றால் தானே முடிவெடுத்து வேலை செய்யும் மென்பொருள்). பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் அறிக்கையில் அப்படியே எழுதிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன். ‘ஏஜென்ட் சார்ந்த நிரலாக்கம்’ என்ற தலைப்பிலேயே கணினி அறிவியலாளர் யோவ் ஷோஹம் 1993-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வெறும் ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. 1999 மே மாதம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தை ‘ரிமோட் ஏஜென்ட்’ என்ற மென்பொருள் தானே திட்டம் போட்டு, சோதனைக்காகக் கொடுத்த செயற்கைப் பழுதுகளையும் சமாளித்து இயக்கியது. சாட்ஜிபிடி மாதிரியானவற்றை இயக்கும் மொழி மாதிரிகள் இதில் சேர்ந்தது புதுசு, அது சரி.

சந்தேகம் இருந்தால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஷோஹம் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் ஆங்கிலத்தில் (Shoham, Agent-oriented programming) தட்டி ஆண்டைப் பாருங்கள். வண்ணார்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து போனிலேயே பார்த்துவிடலாம்.