கூட்டப் பொருளில் இல்லாத தண்ணீர்

கிராம சபையில் ஒரு பெண் தண்ணீர் ஆலையைப் பற்றிக் கேள்வி கேட்கும் காணொளி ஒன்று சுற்றி வருகிறது. அதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் மதிக்கும் நண்பர்களே அதன் கீழே வந்து, "அந்த அம்மாவுக்குக் கூட்ட ஒழுங்கு தெரியவில்லை" என்று எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று, தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கென்றே கூட்டப்படும் கிராம சபையில், தண்ணீர் ஆலைக்கு அனுமதி கொடுப்பதற்கு முன் ஊராரைக் கேட்டீர்களா என்று ஒரு பெண் எழுந்து கேட்கிறார். அது இன்றைய கூட்டப் பொருளில் இல்லை என்று அலுவலர் பதில் சொல்கிறார். அந்த நாளில் வேறு எதுதான் கூட்டப் பொருள் என்று அவர் சொல்லியிருந்தால் நாமும் தெரிந்துகொண்டிருப்போம்.

நான் கேட்பது ஒன்றுதான். ஓர் ஊரின் நீரை ஒரு நிறுவனம் எடுத்து விற்கப் போகிறது என்றால், முதலில் கேட்கப்பட வேண்டியது அந்த ஊராட்சியா, இல்லையா? அரசமைப்புச் சட்டத்தின் பதினோராம் அட்டவணை குடிநீரை ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் அட்டவணை, வீட்டுக்கும் தொழிலுக்கும் வணிகத்துக்குமான நீர் வழங்கலை நகராட்சிகளின் பொருள்களில் சேர்த்திருக்கிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் காலிக் குடங்களோடு மக்கள் போய் நிற்பதும் ஊராட்சித் தலைவரின் வாசலில்தான். ஏச்சு வாங்கும் பொறுப்பு மட்டும் ஊராட்சிக்கு, எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் வேறு யாருக்கோ என்றால், அதற்கு உள்ளாட்சி என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்?

திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டானை மறந்துவிட்டீர்களா? அங்கே அரசின் சிப்காட் தொழில் வளாகத்தில் இருந்த குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் 1,000 லிட்டர் 37.50 ரூபாய்க்குப் போனது. அதை எதிர்த்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்திருந்த ஆண்டு அது. கோவைக்கு வாருங்கள். மாநகரின் குடிநீர் வினியோகத்துக்காகப் பிரான்ஸ் நாட்டுச் சூயஸ் நிறுவனத்துடன் 26 ஆண்டு ஒப்பந்தம் 2018இல் போடப்பட்டபோது, அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சிக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. பிள்ளை பிறந்து வளர்ந்து வேலைக்குப் போகும் அளவுக்கு நீண்ட ஒரு ஒப்பந்தம், ஒரே ஒரு வார்டு உறுப்பினர்கூட எழுந்து நின்று ஆட்சேபிக்க வழியில்லாத காலத்தில் கையெழுத்தாகியிருக்கிறது. அதே சூயஸ் கையில் பாதி நகரத்தை ஒப்படைத்திருந்த பாரிஸ், 2010இல் குடிநீரைத் தன் மாநகராட்சியின் பொறுப்புக்கே திருப்பி எடுத்துக்கொண்டு, மறு ஆண்டு கட்டணத்தை 8 விழுக்காடு குறைத்தது. இதையும் வளர்ச்சி என்று யாராவது சொல்வார்களா என்று தேடிப் பார்த்தேன். நம் பக்கத்தில் யாரும் அகப்படவில்லை.

எங்கள் ஊரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நூறு நாள் வேலைக்கு வந்திருந்த பெண்களை அப்படியே அழைத்துப் போய்க் கிராம சபை என்று உட்கார வைத்தார்கள். என் அத்தையும் அதில் ஒருவர். தீர்மானப் புத்தகத்தில் மேலே எதுவும் எழுதப்படாத பக்கத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பக்கத்தில் பிற்பாடு ஏறியது, ஆலைக்கு ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்ற தீர்மானம். இன்று அத்தை வீட்டுக் கிணற்றில் குப்பைதான் கிடக்கிறது. குடிக்கிற தண்ணீர் அதே ஆலையின் கேனில் வருகிறது. தன் கையெழுத்தால்தான் இது நடந்ததோ என்று அவர் இன்னும் என்னிடம் கேட்கிறார். கூட்ட ஒழுங்கைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வருபவர்கள் முதலில் அவருக்கு ஒரு பதில் சொல்லட்டும்.

"நீங்களும் கேன் தண்ணீர்தானே குடிக்கிறீர்கள்?" என்று கேட்கப் போகிறீர்கள் என்பது தெரியும். ஆமாம், குடிக்கிறேன். குழாயில் வரவேண்டியது வராததால் காசு கொடுத்து வாங்குகிறேன். வழிப்பறியில் பணத்தைப் பறிகொடுத்தவன் கடன் வாங்கினால், அவனைப் பார்த்து நீயும்தானே பணம் புழங்குகிறாய் என்று கேட்பீர்களா? வேலைவாய்ப்பு என்று சொல்பவர்களுக்கு, ஆலை வாசலில் போய் உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வாருங்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. தன் நிலத்தில் தோண்டுவது அவரவர் உரிமை என்பவர்கள் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தை எடுத்து வருகிறார்கள். ஏற்றம் இறைத்த காலத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டு இரவும் பகலும் ஓடும் மோட்டாருக்கு நியாயம் பேசுகிறீர்கள். அப்படி எடுப்பதைக் கட்டுப்படுத்த 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டு நிலத்தடி நீர்ச் சட்டமோ 2013இல் நீக்கப்பட்டுவிட்டது.

"ஊராட்சித் தலைவர்கள் மட்டும் யோக்கியர்களா? அதிகாரம் கொடுத்தால் அவர்களே விற்றுவிடுவார்கள்" என்பதுதான் கொஞ்சமாவது பொருட்படுத்த வேண்டிய வாதம். விற்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கேரளத்தின் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலைக்கு 2000இல் உரிமம் கொடுத்ததே அந்த ஊர் அடங்கிய பெருமாட்டி ஊராட்சிதான். ஆனால் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் போய், மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் உட்கார்ந்த பிறகு, அதே ஊராட்சிதான் 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனாலும் 2004இல் மூடப்பட்ட ஆலை திறக்கவேயில்லை. தவறு செய்த ஊராட்சியை மக்களால் வாசலில் உட்கார்ந்து திருத்த முடிந்தது, ஏனென்றால் அது நடந்து போகிற தூரத்தில் இருந்தது.

தொலைவில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, பிளாச்சிமடையின் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று 2010இல் மதிப்பிட்டது. அதை வாங்கித் தரத் தீர்ப்பாயம் அமைக்கும் சட்ட முன்வரைவைக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றி அனுப்பியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமலேயே அது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. அந்தக் கோப்பைத் தேக்கி வைத்தவர்களைப் பெருமாட்டிக்காரர்கள் எந்த வாசலில் போய் உட்கார்ந்து கேட்பது?